ஒரே கம்ப்யூட்டரில் ஆறு ரூம் கட்டிய போர்மேன்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வருகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவரும் எங்கள் ஆபீஸில் வந்து வாய்த்தார். பெயர் முனியராஜ். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பதினாறு வருடம் போர்மேன். உடம்பில் ஏறிய மின்சாரத்தைக் கம்பியில் இறக்கிவிட்டுத்தான் வெடிமருந்து அறைக்குள் கால் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இங்கே ஏது மருந்து? திருத்தங்கலில் ஒரு மாடி ஆபீஸ், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற அருணாதேவியாகிய நான், இரண்டு கம்ப்யூட்டர். சொன்னால் கேட்க வேண்டுமே! மேஜைக்கு அடியில் மணல் வாளி வேறு.

ஆலை லைசென்ஸுக்காக மூடிக்கிடந்த எட்டு மாதத்தில் அவர் சாத்தூருக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தார். துரத்தி அனுப்பியது மனைவி பொன்மணி. வீட்டிலிருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். "இனிமே மருந்துப் பக்கம் போனீக, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லியிருந்தாள். வெறும் மிரட்டல் இல்லை. ஒருமுறை மல்லாங்கிணறு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தே விட்டாளாம்.

ஆலைக்கும் ஆபீஸுக்கும் ஒரே முதலாளி. கடைக்காரர்கள் ஆர்டர் போடுவதற்காக அவர் சென்னையில் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார். அதை எங்கள் கம்ப்யூட்டரிலேயே நிறுவிப் பார்க்க வேண்டும். முனியராஜைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாரேன். ஓடுச்சுன்னா ஆபீஸ்ல இரு. ஓடலைன்னா ஆலை திறந்ததும் அங்கன போயிரு" என்றார். அன்று முழுக்க முனியராஜ் சாப்பிடவில்லை.

அந்த மென்பொருள் ஒன்றல்ல, ஆறு சர்வர். ஒன்று கடைக்காரருக்குப் பக்கத்தைக் காட்டும், ஒன்று பட்டாசுப் படங்களைக் கொடுக்கும், ஒன்று ஆர்டரைப் பத்திரப்படுத்தும், இப்படி ஆறு. ஆறு கம்ப்யூட்டர் வாங்க முடியாததால், ஒரே கம்ப்யூட்டருக்குள் கன்டெய்னர் என்று ஆறு தடுப்பு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சர்வரைக் குடிவைப்பார்கள். இதைக் கேட்டதும் முனியராஜின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம ரூமு!" என்றார். ஆலையிலும் வேலையை இப்படித் தனித்தனி அறையாகத்தான் பிரித்துவைப்பார்கள். எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும்.

ஆலையில் வெயிலுக்கு முன்னால் மருந்து கலப்பதுபோல, காலையில் மட்டும்தான் வேலை செய்வார். பத்து மணி ஆனால், "வெயில் ஏறிருச்சு, நாளைக்குப் பாப்போம்" என்று எழுந்துவிடுவார். நான் கட்டியிருந்த பாலியஸ்டர் சேலையைப் பார்த்து, "இதுல கரண்டு ஏறும், நாளைக்குப் பருத்தி கட்டிட்டு வாங்கம்மா" என்றார். புதன்கிழமை திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ஏதோ பிழைச் செய்தி. "எல்லாரும் வெளிய!" என்று ஒரு கத்து கத்தினார். நானும் ஓடினேன். பட்டாசு ஆபீஸ்காரர்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து அச்சகம் ஓடியது. அச்சகம் ஓடியதும் டீக்கடைக்காரர் பொங்குகிற பாலை விட்டுவிட்டு ஓடினார். எங்கள் ஊரில் காரணம் கேட்டு ஓடுகிற வழக்கமில்லை. தெருமுனையில் நின்று முனியராஜ் தலை எண்ணினார். எங்கள் ஆபீஸுக்கு முப்பத்தேழு பேர் தேறினார்கள்.

ஆறு கன்டெய்னரும் ஏறின. ஆனால் ஒன்றுக்கொன்று பேசவில்லை. சென்னைக் கம்பெனி சரவணக்குமாருக்குப் போன் போட்டோம்.

"சார், எதுக்கு ஆறையும் ஆறு தனி நெட்வொர்க்ல வச்சிருக்கீங்க?"

"ஒரு ரூம் பத்துனா மத்த ரூம் தப்பிக்கணும்லா?"

"இது தீப்பிடிக்காது சார்."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக."



வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, ஆலையில ஒரு ரூம்லருந்து அடுத்த ரூமுக்குச் சரக்கு பறந்தா போகுது? நடந்து போக வழி விட்டிருக்கீகள்ல? அதே மாதிரி விடுங்க!" என்று கத்தினேன். அவர் என்னையே பார்த்தார். ஒரு தாளை எடுத்து ஆறு கட்டம் போட்டு, எது எதனோடு பேசியே ஆக வேண்டுமோ அவற்றுக்கு மட்டும் கோடு இழுத்து, கம்ப்யூட்டரிலும் அந்த வழிகளை மட்டும் திறந்துவிட்டார். அன்றைக்கு மட்டும் வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை முதலாளி வந்து நின்றார். பக்கம் திறந்தது. கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம் எல்லாம் வரிசையாக வந்து, சட்டென்று படங்கள் அத்தனையும் மறைந்தன.

"படத்தைக் காணோம்?" என்றார் முதலாளி.

"அந்த ரூம் மட்டும் போயிருச்சு மொதலாளி. மத்த அஞ்சும் நிக்குது. நீங்க ஆர்டர் போடுங்க" என்றார் முனியராஜ், ஒரு பதற்றமும் இல்லாமல். ஆர்டர் விழுந்தது. அதற்குள் படச் சர்வரையும் எழுப்பிவிட்டார்.

முதலாளிக்குப் பூரிப்பு. "இம்புட்டு நிதானமான ஆளை இங்கன உக்கார வச்சா பாவம்லே. லைசென்ஸ் வந்துருச்சு. திங்கக்கிழமை ஆலைக்கு வந்துரு."

பதினாறு வருடத்தில் முதலாளியிடம் முடியாது என்று சொல்லாத மனிதர். எழுந்து போய் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தார். "வரமாட்டேன் மொதலாளி. ஓடுச்சுன்னா ஆபீஸ்ல இருன்னு சொன்னீக. ஓடிருச்சு."

முதலாளி அவரை முறைத்தார், என்னை முறைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, இன்னொரு ஆர்டர் போடுதேன். எங்கன தட்டணும்?"

முனியராஜ் கதவோரம் போய்ப் பொன்மணியை அழைத்தார். வெடிச் சத்தத்தில் காது மந்தமானவர், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். "பொன்மணி" என்றார். உடனே அழுதுவிட்டார். எங்கள் பக்கத்தில் பகல் பதினொன்றரைக்குப் புருஷன் போன் போட்டு அழுதால் அதற்கு ஒரே அர்த்தம்தான், எங்கேயோ ஆலை வெடித்துவிட்டது.

"எந்த யூனிட்டு? எத்தன பேரு?" என்று அவள் அலறினாள்.

"யூனிட்டு இல்ல புள்ள, ஆபீஸு! ஓடுது! இனிமே இங்கனதான்!"

அழுதுகொண்டே அவள் திட்ட ஆரம்பித்தாள் பாருங்கள், நல்ல செய்தியைச் சிரித்துச் சொல்லத் தெரியாத மனிதனை எந்தெந்த வார்த்தையில் திட்டலாமோ அத்தனையிலும் திட்டினாள். நான் லேபிளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். முதலாளி ஒன்றும் காதில் விழாதவர்போல எழுபது பெட்டி பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார்.