அத்தைக்காகத் திரையை அகலமாக்கிய கதை

எங்கள் வீட்டில் யாரும் ஒல்லியாக இருக்க முடியாது, தொலைக்காட்சியில்கூட. பாச்சாங் ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பெரிய டிவி வந்த நாளிலிருந்து, படம் திரையை முழுசாக நிரப்ப வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். பழைய படங்களுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் போதும், "ஏன், பாதி டிவிதான் வேலை செய்யுதா?" என்று ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை இழுத்துவிடுவார். கதாநாயகிகள் எல்லாரும் பூசணிக்காய்களாக ஆடினார்கள். நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். பக்கத்து ஊரான குருபோங்கில் தொழிற்சாலை வேலை. உம்பாய் ஊர்க்காரர் ஒருவர் அத்தையைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, இரண்டே வருஷத்தில் வருகிறேன் என்று ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போயிருந்தார். ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி ஒரு வாட்ஸ்அப் வாழ்த்து வரும், அவ்வளவுதான். அப்பா பார்த்த வரன்களை எல்லாம் அத்தை தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். நானும் முழுமூச்சாக உம்பாய்க்காரர் பக்கம். எல்லாம் சுயநலம்தான்! அவர் வராதவரைக்கும் அத்தை என்னை விட்டுப் போகமாட்டாரே.

அந்தப் பள்ளி விடுமுறையில் சிரம்பானிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரட்டுமா என்று கேட்டது. வழக்கமாக உடனே முடியாது என்று சொல்லும் அத்தை இந்த முறை யோசித்துச் சொல்கிறேன் என்றார். சம்மதித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எப்படியாவது அத்தையைக் குஷிப்படுத்தி வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்கூட வயதில் அத்தை சோறு தண்ணி இல்லாமல் விளையாடிய கேம் ஒன்று உண்டு. டிஸ்க் பத்திரமாக இருந்தது. அதைப் போட்டு விளையாடும் பெட்டிதான் எப்போதோ செத்துப்போயிருந்தது. லேப்டாப்பை அந்தப் பழைய பெட்டியாகவே நடிக்க வைக்கும் எமுலேட்டர் ஒன்றை ஏற்றி, கேமை அதில் ஓடவிட்டு, டிவியோடு வயரில் இணைத்தேன்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. அந்த வழியாகப் போன அப்பா, சொல்ல வேண்டுமா, ரிமோட்டை எடுத்து இழுத்துவிட்டார். அத்தை அலறினார்.

"ஐயையோ அண்ணே, இவனுக்கு இப்படித் தொப்பையெல்லாம் கிடையாதுலா!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செட்டிங்ஸைக் குடைந்தேன். ரெசலூஷனை நான்கு மடங்கு ஏற்றியதும் லேப்டாப்பின் விசிறி கத்தத் தொடங்கியது. அதற்குக் கீழே 'வைட்ஸ்கிரீன்' என்று ஒரு கட்டம். படத்தை இழுக்காமல், கேமின் உலகத்தையே இரு பக்கமும் கூடுதலாகக் காட்டுமாம். பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கையெல்லாம் படிக்கிற வயதா அது? டிக் போட்டேன்.

திரை முழுக்கப் படம், ஆளெல்லாம் ஒல்லி! "சட்டை பட்டன்கூட தெரியுதே!" என்று அத்தை கைதட்டினார். நேராகத் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போனார். போருக்குப் போகும் வீரன் மனைவியிடம் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு, இடது பக்கமாக நடந்து திரையை விட்டு மறையும் காட்சி. கதையில் அவன் அப்புறம் வரவே மாட்டான். தெரிந்தும், வந்தாலும் வருவான் என்று அந்த வயதில் அத்தை பொத்தானைத் தொடாமல் வெகுநேரம் காத்திருப்பாராம்.

அன்றும் வீரன் நடந்தான். பழைய திரை முடிந்திருக்கும் இடத்தைத் தாண்டி நான்கு எட்டு வைத்தான். நின்றுவிட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போருக்குப் போனவன் எங்கேயும் போகவில்லை! அங்கே பாதையே கிடையாது. கத்தியால் வெட்டிய கேக் மாதிரி தரை முடிந்து, அதற்கப்பால் வெறும் இருட்டு. அதன் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறைத்து நின்றான். இந்தப் பக்கம் மனைவி அவன் போன திசையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் பத்து எட்டுகூட இல்லை. பார்க்கவே பயமாக இருந்தது.

அத்தை முன்னால் சாய்ந்து அந்த ஓரத்தை உற்றுப் பார்த்தார்.

"போறதுக்கே பாதை போடல" என்றார். "அப்புறம் வர்றதுக்கு எங்க போட்டிருக்கப் போறாங்க?"

எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே அப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சிரம்பான்காரங்கள ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க."

அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அத்தையையே பார்த்தார். என் தலையில் இடி விழுந்தது. பாவி, ஒரு டிக்கைப் போட்டு அத்தையை நானே சிரம்பானுக்கு அனுப்பிவிட்டேனே! ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் டிக்கை எடுத்தேன். ரெசலூஷனை இறக்கினேன். கறுப்புப் பட்டைகள் திரும்பி வந்தன. அப்பா பார்த்தார், ஏனோ ரிமோட்டைத் தொடவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த அத்தையை யூனிஃபார்மோடு இழுத்து வந்து டிவி முன்னால் நிறுத்தினேன்.

"சரி பண்ணிட்டேன் அத்தை. நேத்து கிராஃபிக்ஸ்தான் கெட்டுப்போச்சு. இப்ப பாருங்க, ஒழுங்கா போயிடுவான்."

வீரன் நடந்தான். திரையின் ஓரத்தில் சுத்தமாக மறைந்தான்.

"ஆமா கண்ணு. போயிட்டான்" என்றார் அத்தை. என் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, உம்பாய்க்காரரின் பெயரைத் தேடி, அழித்தார். நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அத்தை அழவில்லை, சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கு அது போதும். ஒரே ஓட்டமாகச் சமையலறைக்கு ஓடி, ஞாயிற்றுக்கிழமைக்குக் கேசரியெல்லாம் கிண்ட வேண்டாம், எல்லாவற்றையும் நான் சரிசெய்துவிட்டேன், அத்தை இனி எங்கேயும் போகமாட்டார் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.