‘கீறேன்’ என்று பேசிய டாக்டர்

இந்த லீட்ஸ் நகரத்தில் ஆபரேஷன் செய்கிறவரை டாக்டர் என்று கூப்பிடக்கூடாதாம். மிஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். வயிற்றைக் கிழிக்கிறவரும் பேங்க் கிளார்க்கும் ஒன்றா! பதினைந்து வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன மாதம் என் பதினோரு வயது மகள் நிலா குடல்வால் வலியில் சுருண்டு கிடந்தபோது வந்த மிஸ்டர், என்னைவிட இளையவர், தமிழர். அப்பாடா என்றிருந்தது. அதெல்லாம் அவர் வராந்தாவில் போன் பேசும்வரைதான்.

“யம்மா, ஆஸ்பத்திரில கீறேன். நீ துன்ட்டியா? அப்பால பேசுறேன்.”

எனக்குப் பகீரென்றது. ஐயோ, இந்த ஆளா என் பிள்ளைமேல் கத்தி வைக்கப்போகிறான்?

இப்படி நினைத்தவள் யார் தெரியுமா? இதே பேச்சு புழங்கும் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் முதல் நாள், வீடு எங்கே என்று கேட்ட மிஸ்ஸிடம், “வூடு திருவொத்தியூர்ல கீது மிஸ்” என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கே அந்தப் பேச்சைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தேன். ஊர் எது என்று யார் கேட்டாலும் ‘சென்னை’, அதோடு சரி. அன்று சிரித்தவர்களை நானும் நம்பியிருக்கிறேன், பாருங்கள். இந்த டாக்டர் என்ன படித்தார், எத்தனை உயிரைக் காப்பாற்றினார் என்று எதையும் கேட்காமல், ஒரே சொல்லை வைத்து ஆளை எடைபோட்டுவிட்டது இந்தப் பாழாய்ப்போன மனசு. குறுக்குச் சந்தில் ஓடுவதென்றால் அதற்கு அவ்வளவு ஆசை.

நர்ஸிடம் போய், வேறு சர்ஜன் கிடைப்பாரா என்று இழுத்தேன். நான் பெண் டாக்டர் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் அவள். “நாளைக் காலையில் வருவார். காத்திருக்கிறீர்களா?” என்றாள். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். உள்ளே நிலா “அம்மா!” என்று அலறினாள். அவருக்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். எழுந்து ஓடினேன்.

“எம் பொண்ணு நல்லா கீறாளா நைனா?”

இருபது வருஷமாக வராத பேச்சு, என்னைக் கேட்காமலே வந்து விழுந்தது. அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சூப்பரா கீறாக்கா. வெடிக்கிற ஸ்டேஜு. நாளைக்கின்னு வுட்டுருந்தா பேஜாராப் பூட்டிருக்கும். நீங்க எந்த ஏரியா?”

“திருவொத்தியூர். தேரடி.”

“அட! நம்ம வூடு வியாசர்பாடி.”

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் முட்டாள்தனத்துக்கு என் பிள்ளை பலியாகாமல் தப்பினாளே, அது போதும் சாமி.

மறுநாள் அவர் வார்டுக்கு வந்தபோது, நானும் அவரும் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் போனதும் நிலா என் முந்தானையை இழுத்தாள்.

“அம்மா, ஏன் வேற யாரோ மாதிரி பேசுன?”

இத்தனை வருஷமாக அவளிடம் பேசிக்கொண்டிருந்தவள்தான் வேறு யாரோ என்று, எந்தத் தமிழில் அவளுக்குச் சொல்வேன்?