இடைவேளைக்குப் பிறகு ஓடிய டிரெய்லர்

மாதம் ஒரு ஞாயிறு காலை எங்கள் தமிழ்ச் சங்கம் டாலிகஞ்சில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் போடும். சென்னை ரயிலில் ஹவுராவுக்குப் படப்பெட்டி வரும். பத்து மணிக் காட்சிக்குப் பத்தரைக்கு வருவதுதான் சங்கத்து மரபு. காபி குடித்து, பஸ் பிடித்து, வாசலில் ஊர்வம்பு பேசி முடிப்பதற்குள், முதல் ரீலின் தலையில் ஒட்டி வரும் டிரெய்லர்கள் காலி நாற்காலிகளுக்கு ஓடி முடிந்திருக்கும். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் இன்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னைக்கு ஓடி, ஒரு எடிட்டிங் அறையில் சேர்ந்தான். துறைமுகத்துப் போர்ட் ஆபீஸில் வேலை பார்த்த அப்பா, கேட்டவர்களிடமெல்லாம் "கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறான்" என்றார். அவனோடு இரண்டு வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு நாள் அவன் போன் செய்தான். "நானே கட் பண்ணின முதல் டிரெய்லர்மா. இந்த மாசம் அங்க வர்ற படத்தோட வருது. அப்பாவைப் பாக்கச் சொல்லு."

அம்மா சொன்னதும் அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான் வருவேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லுக்கும் கொஞ்சம் ஈரம் இருக்கும்.

அம்மாவும் நானும் ஒன்பதே முக்காலுக்கே போய் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. கடல், சாத்திய கதவு, ஓடும் கால்கள், திடீரென்று சத்தமே இல்லாத ஒரு முகம். இரண்டே நிமிடம். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்கத் தெரியாத என் அண்ணனுக்கு, இவ்வளவு பெரிய வெளிச்சத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. அம்மா என் கையை விடவே இல்லை.

பத்தரைக்கு அப்பா வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். இடைவேளையில் நான் படம் ஓட்டும் ஆபரேட்டரிடம் ஓடி, அந்த டிரெய்லரை இன்னொரு தடவை போடச் சொல்லி வங்காளத்தில் கெஞ்சினேன்.

"போர்ட் ஆபீஸ் பாபு ஒருத்தர் நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாரே" என்றார் அவர். "எல்லாரும் வந்து உக்காந்தப்புறம் இன்னொரு தடவை போடணுமாம். காலைல ஓடினதுமே கழட்டி, இடைவேளைக்கு அப்புறம் வர்ற ரீல்ல ஒட்டியாச்சு."

ஓடியது. நிறைந்த அரங்கில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. முடிந்ததும் அப்பா பின் வரிசையிலிருந்த ஆபீஸ் நண்பரிடம் திரும்பினார்.

"கம்ப்யூட்டர் கோர்ஸெல்லாம் இல்ல சார். இது என் பையன் பண்ணினது."