ஆற வைத்த மா

இரண்டு கைகளும் அகப்பையை விடவில்லை. அடியில் கிடந்த பயற்றை வழித்து மேலே கொண்டுவந்து, தாச்சியின் ஓரமாகச் சரித்து, மறுபடி அடிக்குப் போயின. ஒரு பயறு வெடித்தபோது கைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. நாலைந்து சேர்ந்து வெடிக்கத் தொடங்கியதும் வேகம் கூடியது. வாசனை மாறியது. அடுத்த நொடி தாச்சி அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. பயறு சுளகில் பரந்ததும் இடது புறங்கை அதன்மேல் போய் அமர்ந்தது, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல.

சோளம், குரக்கன் என்கிற கேழ்வரகு, சிவப்பரிசி மூன்றும் ஏற்கெனவே தனித்தனியாக வறுபட்டு மூன்று சாக்கு விரிப்புகளில் ஆறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் பாதி நாள் மிச்சம் என்று யாராவது சொன்னால், "குரக்கன் கருகிப் போவும், சோளம் பச்சையா நிக்கும். புள்ளைக்கு வயித்த வலிச்சா நீங்களா எந்திரிச்சுத் தூக்கி வச்சிருப்பீங்க?" என்று பதில் வரும்.

பதில் சொல்கிறவள் பேச்சியம்மா. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டை மிஷன் வீட்டின் சமையற்காரி. ஞானஸ்நானத்தின்போது மேரி என்று ஒரு பெயர் கொடுத்தார்கள். அது சபைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை.

அவள் பிறந்தது மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில். பதினெட்டு வயதிலேயே கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஃபெக்டரிக்குள் போனாள். தேத்தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் பதினாறு வருடம். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் முதலில் மாதத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு தீபாவளிக்கு வந்தான், பிறகு வரவில்லை. மகளை மிஷன் விடுதியில் சேர்க்க வந்த இடத்தில், சமையலுக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். அன்றைக்கே அடுப்படிக்குள் நுழைந்தவள்தான். ஏழு வருடம் திருநீறு பூசிக்கொண்டே அங்கே சமைத்தாள். நாற்பத்தோராவது வயதில் தானாகப் போய், "எனக்கும் தண்ணி ஊத்துங்க" என்று கேட்டாள். அண்ணன் இரண்டு வருடம் பேசவில்லை. பிறகு தன் பையனுக்குப் பள்ளிக்கூட இடம் கேட்க வந்தபோது பேசினான். மகள் இப்போது பல்லேகலையில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்கிறாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதக் கடைசி. கொரோனாவின் இரண்டாவது வருடம். நாடு முழுக்கப் பயணத்தடை. மிஷன் வீட்டின் பகல் பராமரிப்பு நிலையம் மூடிக் கிடந்தது. அங்கே வரும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் மண்டபத்தில் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருந்தன. பேச்சியம்மாவின் பொறுப்பு அதுவல்ல, சத்துமா. அவள் பிறந்த அதே மடுல்கெல்லத் தோட்டத்தின் ஒரு டிவிஷனைத் தொற்று வந்ததென்று கயிறு கட்டி மூடிவிட்டார்கள். உள்ளே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அறுபத்திரண்டு. வேலையில்லை, கிளினிக் நடக்கவில்லை, பால்மா வாங்கக் கடைக்குப் போக வழியில்லை. பிள்ளைக்கு இரண்டு கிலோ வீதம் சத்துமா தருவதாகப் பாஸ்டர் சொல்லியிருந்தார். சொன்ன மூன்றாம் நாள் அவருக்கே தொற்று வந்து, மிஷன் வீட்டு மேல்மாடி அறையில் தனித்துப் போனார். அதன் பிறகு அவர் ஒரு ஜன்னலும் ஒரு இருமலுமாக மட்டும் இருந்தார்.

வாகனத்துக்கான அனுமதி புதன்கிழமைக்குக் கிடைத்தது. நாலு மணிக்கு முன் கயிற்றடிக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்தது திங்கள்.

செவ்வாய் மத்தியானம் எல்லாம் வறுத்து முடித்து, பாலத்தடியில் மில்லும், மாவைக் கொண்டுபோகப் போகிற லொறியும் வைத்திருக்கும் தாஸிமிடம் ஏற்றிப் போனாள். அன்றே அரைத்து, இரவு முழுக்க ஆறவிட்டு, விடியப் பைகளில் கட்டுவதாகத் திட்டம். மில்லில் காலையில் மிளகாய் அரைத்திருந்தார்கள்.

"தாஸிம் நானா, மொதல்ல ரெண்டு கொத்து அரிசி போட்டு ஓட்டுங்க. ஒறைப்பு போகட்டும்."

"ஒரு கொத்து போட்டாச்சி அக்கா."

"நீங்க நக்கிப் பாருங்க."

தாஸிம் அரிசிமாவை நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்தார். இரண்டாவது கொத்தையும் எடுத்துப் போட்டார். "ஒங்கட இந்த மாவத் திண்டா புள்ளைகள் வேதத்துக்கு வரோணும் எண்டு தோட்டத்துல பேசிக்கிறாங்களாம், மெய்யா?"

"அரைச்சது ஒங்க மில்லுல. திண்டா தொப்பிதான் போடணும்."

தாஸிம் சிரித்துக்கொண்டே சுவிச்சைப் போடப் போனார். போடவில்லை. அதற்குள் மழையில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் நின்றுவிட்டது. அன்று வரவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தது. பதினொரு மணிக்குக் கடைசி மூட்டையும் அரைபட்டு மிஷன் வீட்டு வாசலில் இறங்கியது. பேச்சியம்மா ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள், உடனே இழுத்துக்கொண்டாள். கல்லுக்கு நடுவே நசுங்கி வந்த மா, சோற்றுப் பானை போலக் கொதித்தது.

"அப்பிடியே பைல போட்டுக் கட்டுங்க. ஒண்டரைக்கி வெளிக்கிட்டாத்தான் சரி. வத்தேகமைக்கு அங்கால பாத ஒடஞ்சி ஈக்கி" என்றார் தாஸிம்.

"சூட்டோட கட்ட மாட்டேன்."

"அப்ப திங்கக்கெழம வரைக்கும் புள்ளைகள் என்னத்தத் திங்கிற?"

பேச்சியம்மா மூட்டையின் வாயை இன்னும் அகல விரித்துவிட்டாள். சூட்டோடு கட்டினால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தேயிலை ஃபெக்டரியில் அடுப்பிலிருந்து வரும் தூளை ஆறாமல் மூடினால் டீமேக்கர் அந்தப் பக்கமெல்லாம் கேட்கக் கத்துவார். புழுங்கிப் போன தூளை வாயில் வைக்க முடியாது. அவ்வளவு தெரிந்தவள், போன வருடம் முதல் ஊரடங்கின்போது, வாகனம் ஹோர்ன் அடித்த அவசரத்தில் நாற்பது பை சத்துமாவை வெதுவெதுப்பாகவே கட்டிக் கொடுத்தாள். உள்ளே வேர்த்து, கட்டி பட்டு, ஒன்பதாம் நாள் பச்சை படர்ந்தது. யாரும் குறை சொல்லவில்லை, அதுதான் அவளைத் தின்றது. இருப்பதே அது ஒன்றுதான் என்று ஒரு தாய் கட்டிகளைச் சலித்து எறிந்துவிட்டு மீதியைக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறியது. பிழைத்துக்கொண்டது. அந்த ஆறு நாளும் பேச்சியம்மா தாச்சியைத் தொடவில்லை.

மண்டபம் முழுக்க மூட்டை. அடுப்படியில் ஆவி. விறாந்தையில் மழைத் தூவானம். அவள் முற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு மேல்மாடி ஜன்னலுக்குக் குரல் கொடுத்தாள்.

"பாஸ்டர், சேர்ச்சத் தொறக்கணும்."

ஜன்னல் திறந்தது. "தொறக்கக் கூடாது பேச்சியம்மா. சனம் கூடக் கூடாதுன்னு சட்டம்."

"சனம் இல்லீங்க. மா."

ஜன்னலில் ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக முடிந்தது. "சாவி ராஜலிங்கம் மாஸ்டர்கிட்ட. அவரு சம்மதிச்சா எனக்கும் சம்மதம்."

ராஜலிங்கம் மாஸ்டர் சபையின் செயலாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வீடு அடுத்த மதிலுக்கு அந்தப் பக்கம். குடையும் முகக்கவசமுமாக வாசலுக்கு வந்தார்.

"கோயிலுக்குள்ள மாவோ? இதென்ன கதை பேச்சியம்மா?"

"ஆற வைக்க எடமில்ல மாஸ்டர்."

"எறும்பு வரும். எலி வரும். அந்தத் தரை எத்தினை வருசமாப் பொலிஷ் பண்ணின தரை தெரியுமோ? நாளைக்கு ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"தரை காஞ்சு கெடக்கு. மேல காத்தாடி ஆறு இருக்கு. இப்புடி வேற எங்க இருக்குன்னு சொல்லுங்க, அங்க போறேன்."

மாஸ்டர் மழையைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். லொறியிலிருந்து தாஸிம் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"நில்லும், வாறன்" என்று உள்ளே போனவர் சாவிக்கொத்தோடு திரும்பினார். "வெறுந்தரையில கொட்டக் கூடாது. அதை முதல் சொல்லிப்போட்டன்."

ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த ஆலயத்தில் மரவாசனை அடித்தது. மாஸ்டர் பின்னறை அலுமாரியைத் திறந்து, நத்தார்ப் பண்டிகை நாடகத்துக்காக வைத்திருந்த வெள்ளைத் துணிகளை எடுத்து வந்தார். தோய்த்து, மடித்து, வேப்பிலை போட்டு வைத்தவை. நடுப்பாதை நெடுக விரித்தார்கள். பேச்சியம்மா மூட்டையைச் சரித்துக்கொண்டே பின்னால் நடந்து, தோட்டத்தில் கொழுந்து வாட்டுவது போல மெல்லிசாகப் பரத்தி, விரல்களால் சால் சாலாகக் கீறிவிட்டாள். துணி தீர்ந்தபோது இரண்டு மூட்டை மீந்தது. அதைப் பிரசங்க பீடத்தின் முன்னால் ஒரே துணியில் தடிப்பாகக் கொட்ட வேண்டியதாயிற்று.

மாஸ்டர் காத்தாடியை முழு வேகத்தில் போட்டார். முன்வரிசை வாங்குப் பலகை வெள்ளையாகியது. மாஸ்டரின் மீசையும்.

"ஒண்ணுல வைங்க மாஸ்டர், ஒண்ணுல! மாவுக்குக் காத்துப் படணும், பறக்கக் கூடாது."

"இதை முதல் சொல்லியிருக்கலாமெல்லோ."

கால் மணிக்கொரு தரம் அவள் முழங்காலில் நகர்ந்துபோய், மாவைக் கிண்டிவிட்டு, அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டரைக்கு வாசல் பக்கத்து மா குளிர்ந்துவிட்டது. அங்கிருந்தே கட்டத் தொடங்கினார்கள். மாஸ்டர் பைக்கு ஒரு கிலோவாகத் தராசில் நிறுத்தார். முள் கொஞ்சம் சாய்ந்தாலும் தேக்கரண்டியால் எடுத்து, மறுபடி பார்த்து, மறுபடி போட்டார்.

"மாஸ்டர், கூடினா கூடட்டும். தின்னுறது புள்ளதானே."

அதன் பிறகு தேக்கரண்டி ஓரத்தில் கிடந்தது. அவள் பைகளின் வாயை மடித்து மெழுகுதிரிச் சுடரில் ஒட்டினாள். ஒட்டிய ஒவ்வொன்றையும் கவிழ்த்து அமுக்கிப் பார்த்தாள்.

ஒன்றரைக்கு ஹோர்ன் கேட்டது. நடுப்பாதையில் இருந்ததெல்லாம் பைகளாகிவிட்டன: அறுபத்தைந்து. பீடத்தின் முன்னாலிருந்த குவியலுக்குள் பேச்சியம்மா கையை விட்டாள். மேலே குளிர்ச்சி. நடுவில் இன்னும் கணகணவென்று இருந்தது.

"இது போகாது."

"மெல்லிய சூடுதானே" என்றார் மாஸ்டர். "பாஸ்டர் ரெண்டு கிலோ எண்டு அந்தச் சனத்துக்கு வாக்குக் குடுத்தவர். ஒண்டைக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன நினைப்பினம்? மிச்சத்தை ஆரோ எடுத்துப்போட்டினம் எண்டுதான்."

"நெனைக்கட்டும். ஆளுக்கு ஒண்ணு இன்னிக்கு. மத்தது திங்கக்கெழம."

"உமக்குத்தான் பேச்சு விழும்."

"எனக்கு விழுந்தா பரவால்ல மாஸ்டர்."

மாஸ்டர் பைகளைப் பெட்டிகளில் அடுக்கினார். தானே இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் லொறிக்கு நடந்தார்.

பாதை உடைந்த இடத்தில் தாஸிம் இறங்கிக் கல் போட்டுத்தான் லொறியைக் கடத்தினார். பன்வில தாண்டியதும் பனி மூடியது. கயிற்றடிக்குப் போனபோது நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. குறுக்கே கட்டிய கயிறு, ஒரு பொலிஸ்காரர், ஒரு சுகாதாரப் பரிசோதகர், நடுவில் ஒரு பழைய மேசை. கொண்டுவருகிறவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து வந்து எடுக்கலாம்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாக்குப் படங்கை மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற வீரம்மா. அவளுக்குப் பின்னால், லயத்து வாசல்களில், பிள்ளைகளை இடுப்பில் வைத்தபடி பெண்கள்.

பேச்சியம்மாவும் தாஸிமும் பெட்டிகளை மேசையில் அடுக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள்.

"ரெண்டுன்னாங்களே அக்கா?" வீரம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள். "இது ஒவ்வொண்ணுதான் வரும் போலருக்கே."

"ஒண்ணுதான். மிச்ச மா இன்னும் ஆறல. சூட்டோட கட்டினா பூஞ்சணம் புடிக்கும். நான்தான் நிப்பாட்டினேன். திங்கக்கெழம நானே கொண்டாறேன்."

"இங்க கேப்பாங்களே."

"கேட்டா என் பேரச் சொல்லு. பேச்சியம்மா. மேல் லயத்துக் கருப்பையா மக. திட்டுறதுன்னா திங்கக்கெழம வச்சுத் திட்டச் சொல்லு, வந்து நிக்கிறேன்."

வாசலிலிருந்து ஒருத்தி ஏதோ சொன்னாள். மழையில் கேட்கவில்லை. வீரம்மா திரும்பி அவளைப் பார்த்துக் கையமர்த்தினாள்.

"வீரம்மா, இதக் கேட்டுக்க. பச்சத்தண்ணியில கட்டியில்லாம கரைக்கணும். அப்புறந்தான் அடுப்புல வைக்கணும். சுடுதண்ணியில கொட்டிடக் கூடாது. நல்லாக் கொதிச்சு, கரண்டியில ஒட்டுற பதம். எடுத்தா ஒடனே பை வாயக் கட்டிரணும். ஈரக் கரண்டி உள்ள போடக் கூடாது. ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லு."

"ஈரக் கரண்டி கூடாது."

"ஆமா."

பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்துக் கையசைத்தார். வீரம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து மேசையடிக்கு வந்தாள். மேல் பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்து, கவிழ்த்து, ஒட்டிய வாயை அமுக்கிப் பார்த்தாள். திருப்பி உள்ளே வைத்தாள். தலையிலிருந்த படங்கை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தி, இரு கையாலும் தூக்கிக்கொண்டு, நனைந்தபடி முதல் லயத்தை நோக்கி நடந்தாள்.