ஜெய்தூன் மாமியின் முகமும் மலைக்கோட்டை வானமும்

என் தங்கை தாஹிரா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பேகம்பூரில் பதினொரு கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துப் படங்களை எடுத்தவள் அவள்தான். செம்பட்டியில் ஒரு தக்காளித் தோட்டத்தையும், ஆத்தூர் நீர்த்தேக்கக் கரையில் ஒரு குடும்பத்தையும் கொளுத்தும் வெயிலில் எடுத்தாள். முகமும் தெரிந்தது, வானமும் தெரிந்தது. பதினேழு வயதில் கணவனை இழந்தவள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். இதற்கெல்லாம் முன்னால் அவள் ஜெய்தூன் மாமியின் முகத்தை வென்றாள்.

எதிர்வீட்டு ஜெய்தூன் பீவி மாமியின் ஒரே மகன் சாகுல் ஹமீது பினாங்கில் ஒரு கடையில் இருந்தான். ஒன்பது வருடமாக ஊருக்கு வரவில்லை. 1961 மார்ச்சில், ஊர் திரும்பிய ஒருவரிடம் ஒரு கேமராவும் மூன்று பிலிம் சுருள்களும் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினான். அந்தச் சந்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண் நான் ஒருத்திதான், அதனால் நான்தான் வாசித்தேன். “அம்மா, உங்கள் முகம் மறந்துகொண்டே வருகிறது. நம் மாடியில் மலைக்கோட்டை பின்னால் தெரிகிற மாதிரி உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.” மாமிக்கு அப்போதே நெஞ்சில் நீர் கோத்திருந்தது. எத்தனை நாள் என்று கேட்டால் டாக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

மணிக்கூண்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த சனாவுல்லா மாமிக்கு உறவு. அதனால் பெண்கள் புழங்கும் மாடிக்கு அவரை விட்டார்கள். அன்னம் நீந்தும் திரைச்சீலைக்கு முன்னால் இரண்டு விளக்கைப் போட்டு எடுக்கத் தெரிந்த மனிதர். வெளியே வந்தால் குருடர். வெயில் கூடினால் படம் நன்றாக விழும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. உச்சி வேளையில் வந்து ஒரு சுருளையும் தீர்த்தார். படத்தில் வானம் அழகாக இருந்தது. கோட்டைக் கல்லை எண்ணலாம். மாமி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துப்பட்டியும், அதன் நடுவில் ஒரு கரித்திட்டும் இருந்தன.

மாமி படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “இது யாருப்பா? அடுப்புல சுட்ட கத்தரிக்காயா?”

“வெள்ளைத் துணி, கறுப்பு முகம். கேமரா என்ன செய்யும் மாமி? பொறந்த நெறத்துக்கு நானா பொறுப்பு?”

இவ்வளவுதான் அவருடைய தொழில் ஞானம். மாமி கேமராவை வாங்கி, பக்கத்தில் நின்ற தாஹிராவிடம் கொடுத்தார். “நீ எடுறீ.”

சனாவுல்லா சிரித்தார். “கைநாட்டு கையில கேமராவா? அதுல நம்பர் போட்டுருக்கு, தெரியுமாத்தா?”

தாஹிரா வீட்டுக்கு வந்ததும் சுருள் மாட்டாத கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து, வெளிச்சம் நுழையும் ஓட்டையைப் பார்த்தாள். நம்பர் ஏற ஏற ஓட்டை சிறுத்தது. பதினாறு என்றால் கடுகு, பதினொன்று மிளகு, எட்டு துவரம்பருப்பு என்று பெயர் வைத்துக்கொண்டாள். இருபது வருடம் தொழில் பார்த்த சனாவுல்லா, வெயிலுக்கும் நிழலுக்கும் ஓட்டையை மாற்றி நான் பார்த்ததில்லை.

அவள் எடுத்தாள், நான் நோட்டில் தேதி, மணி, ஓட்டை எல்லாம் குறித்தேன். இரண்டாம் சுருளில் அவளும் தவறினாள். மாமியை நிழலில் உட்காரவைத்துத் துவரம்பருப்பில் எடுத்தாள். முகம் தெளிவாக வந்தது. பின்னால் வெயிலில் கிடந்த கோட்டையும் வானமும் வெளிறிச் சுண்ணாம்பு அடித்த சுவர் போலாகிவிட்டன. எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் சுருளைக் கழுவிப் படம் போட்டுக் கொடுத்ததும் சனாவுல்லாதான். “மலைக்கோட்டையைக் காணோமே, யாரும் தூக்கிட்டுப் போயிட்டாகளா?” என்று கடைவாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. தாஹிரா இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடி இருந்தாள். “அக்கா, வானத்துக்கு ஓட்டை வச்சா முகம் கருகுது. முகத்துக்கு வச்சா வானம் வெந்துபோவுது. ஓட்டைய மாத்தி என்ன செய்ய? முகத்துக்கு வெளிச்சம் கொண்டாரணும்.”

மீதி இருந்தது ஒரே சுருள். மாமியால் படியேற முடியவில்லை. மே 9, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்குச் சந்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். கிழக்குச் சுவரின் நிழலில் உட்காரவைத்தோம். பின்னால் வடக்கே கோட்டை. தாஹிரா ஒரு முக்காலியில் ஏறி நின்று கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தாள். படத்தில் விழும் வானம் இரண்டு விரற்கடை அளவுக்குச் சுருங்கியது. பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள், “எல்லாரும் துப்பட்டிய அவுருங்க.”

“ஏண்டி, இது முகத்த மூடத்தானே?” என்றாள் பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா.

“இங்க ஆம்பளைக யாரும் இல்ல. அந்தா வெயில் விழுதுல்ல, அங்க நின்னு விரிச்சுப் புடி. செத்த நேரந்தான்.”

ஒன்பது பெண்கள், ஒன்பது வெள்ளைத் துப்பட்டிகள். மாமிக்கு மேற்கே, நிழல் தாண்டிய இடத்தில் வெயிலை வாங்கிப் பிடித்தோம். அந்த வெளிச்சம் திரும்பி மாமியின் முகத்தில் விழுந்தது. “அடியே, கண்ணு கூசலடி!” என்று மாமி சிரித்தார். தாஹிரா மிளகில் வைத்து எடுத்தாள்.

படத்தில் எல்லாம் இருந்தன: கோட்டை மதில், வானம், மாமியின் மூக்கோரத்து மரு. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சனாவுல்லாவின் ஸ்டுடியோ முத்திரை ஊதா மையில் குத்தியிருந்தது. நேரே போய்க் கேட்டேன். “கழுவுனது நான்தான? என் கைப்பக்குவந்தான் அது” என்றார். அந்த மனிதரிடம் அதற்கு மேல் பேசுவது வீண்.

மாமி கொதித்துவிட்டார். “எம்மவனுக்குப் பொய்ய அனுப்ப மாட்டேன். எடுத்தவ பேரு இருக்கட்டும்.” தாஹிரா பெருவிரலை நீட்டினாள். “வேணாம். அந்தப் பய அதைச் சொல்லித்தானே சிரிச்சான்” என்று மாமி தபாலை நிறுத்திவைத்தார். மூச்சு வாங்கும் நிலையிலும் அந்தப் பிடிவாதம். மூன்று நாள் தாஹிரா, நான் எழுதிக் காட்டிய தன் பெயரை அடுப்புக்கரியால் எங்கள் சமையற்கட்டுத் தரை முழுக்க எழுதி எழுதி அழித்தாள். முத்திரை மேல் நான் வெள்ளைத் தாள் ஒட்டிக் கொடுத்தேன்.

ஜூலையில் பதில் வந்தது. “அம்மா, மருவைத் தொட்டுப் பார்த்தேன். நம்ம தாஹிராவா எடுத்தது?” மாமி அதை என்னை நான்கு முறை வாசிக்கச் சொன்னார். எட்டு நாள் கழித்துக் கண்ணை மூடினார்.

நோட்டில் அந்தப் படத்துக்கு நேரே நான் குறித்திருப்பது இது: ஓட்டை பதினொன்று. எடுத்தவள் தாஹிரா. அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள், 1961 மே 19, வெள்ளிக்கிழமை.