அகல மானிட்டரும் ஒம்போது முட்டைச் சக்கரமும்

ஆபீஸ்ல அவருக்குப் பேரு பூதக்கண்ணாடி. பெத்தவங்க வெச்ச பேரு அடையாள அட்டையில மட்டும்தான் இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி வேலை, அதுவும் வீட்ல உக்காந்தபடியே. வண்டி இடிச்சிருச்சு, நசுங்கிருச்சுன்னு ஜனங்க போட்டோ அனுப்புவாங்க. அது நெஜமா இடிச்சதா, சுத்தியலால தட்டி நசுக்கினதா, இல்ல கம்ப்யூட்டர்லயே வரைஞ்சதான்னு பாத்துச் சொல்லணும். படிப்பு எட்டாவதோட நின்னுபோச்சு. ஆனா இருபது வருஷம் டிங்கரிங் பட்டறையில நசுங்கின தகரத்தத் தட்டி நிமித்தினவரு. தோள்பட்டை தேஞ்சு கையத் தூக்க முடியாமப் போனப்ப, தகரத்தப் பத்தித் தெரிஞ்ச ஆளு வேணும்னு கம்பெனிக்காரன் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சான். தூணுல மோதின பள்ளம் எது, சுத்தியல் பள்ளம் எதுன்னு பாத்த ஒடனே சொல்லுவாரு.

அந்த வேலை மனுசனத் தின்னுருச்சு. தெனமும் பொய்யத் தேடித் தேடி, உண்மையே எதுக்க வந்து நின்னாலும் அதுக்கு அடியில என்ன கெடக்குன்னு குனிஞ்சு பாக்குற புத்தி வந்துருச்சு. பொண்டாட்டி சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறான்னு பாப்பாரு. சிரிக்கலன்னா, எதுக்குச் சிரிக்கலன்னு பாப்பாரு. சந்தேகப்படாம அவரு இருந்த எடம் ஒன்னே ஒன்னுதான். பொண்டாட்டியோட தம்பிகூடச் சேந்து கம்ப்யூட்டர்ல ஆடுற கார் ரேஸ். அதுல நூறு வண்டிய இடிச்சாலும் ஒருத்தனும் க்ளெய்ம் கேட்டு வர மாட்டானே.

அப்படிப்பட்ட ஆளு கையையும் மீறி ரெண்டு பொய்ப் படம் தப்பிப் போயிருச்சு. வரைஞ்ச பள்ளத்த நெஜம்னு நம்பி ஓகே பண்ணிட்டாரு. மேனேஜரம்மா கூப்பிட்டாங்க.

"சார், ரெண்டு தடவ ஆச்சு. மூணாவது தப்பு வந்தா உங்க நாற்காலியில வேற ஆளு."

மானிட்டர் மேல பழியப் போட்டாரு. பழசுதான் அது, ஓரமெல்லாம் மங்கிப் போயிருந்துச்சு. புதுசு வாங்கிடுவோம்னு கெளம்பினப்பதான் வீட்ல பஞ்சாயத்து.

"மாமா, அல்ட்ராவைடு வாங்குங்க"ன்னான் மச்சினன். "அகலமா இருக்கும். மூணு போட்டோவப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். ரேஸ்லயும் ரெண்டு பக்கமும் எவன் வர்றான்னு தெரியும்."

"உனக்கு ஏன்டா மாப்ள இவ்வளவு அக்கறை?"

"வேற என்ன, நான் இடது பக்கமா வந்து இடிக்கிறது உங்களுக்குத் தெரியவே மாட்டேங்குது. ஜெயிச்சு ஜெயிச்சு அலுத்துப்போச்சு."

பொண்டாட்டி சாதா மானிட்டரே போதும்னா. அவ அந்த மேசையில பாதியில துணி வெட்டுறவ. "அந்தக் கதவு மாதிரிப் பொட்டிய வெச்சா என் கத்தரிக்கோல எங்க வெக்கிறது, தலையிலயா?"

மச்சினன் வாங்குன்னா அதுல ஏதோ இருக்கு, பொண்டாட்டி வேண்டாம்னா அதுலயும் ஏதோ இருக்கு. ரெண்டு பேர்ல எவரு சொல்றதையும் நம்பாம, பென் டிரைவ்ல மூணு போட்டோவ ஏத்திக்கிட்டு மனுசன் நேரா கடைக்குப் போனாரு.

கடைக்காரப் பையன் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். அதுவே புடிக்கல. "தம்பி, நீ உன் வீட்ல எது வெச்சிருக்க?"

"நான் எல்லாம் போன்லதான் சார் பாப்பேன்."

இருந்தாலும் மூணு போட்டோவும் அகல மானிட்டர்ல வரிசையா வந்து நின்னப்ப மனசு எளகிருச்சு. அதே பீஸையே கட்டச் சொல்லி, பின்னாடி இருந்த நம்பரக் கையில எழுதிக்கிட்டுத்தான் வந்தாரு.

வீட்ல மாட்டினாரு. எழுத்தெல்லாம் கொழுகொழுன்னு இருந்துச்சு. வயசான கண்ணுக்கு நல்லதுன்னு நெனச்சாரு. ரேஸ் வண்டியெல்லாம் தரையோட தரையா, அகலமா, ராசா மாதிரி ஓடுச்சு. அதுலயும் சந்தோசம். ஆனா கடையில மூணு போட்டோ நின்ன எடத்துல வீட்ல ஒன்னரைதான் நின்னுச்சு. சுருக்குன்னு ஆச்சு. மாத்திக் குடுத்துட்டானோ? நம்பரப் பாத்தாரு, அதேதான். நம்பர் ஸ்டிக்கர மாத்தி ஒட்டிட்டானோன்னு நகத்தால சொரண்டிக்கூடப் பாத்தாரு.

கடைக்குப் போன் போட்டா அந்தப் பையன், "செட்டிங் பாருங்க சார்"னான்.

"மாட்டிக்கிட்டா எல்லாத் திருட்டுப் பயலும் சொல்றது இதான், செட்டிங்காம் செட்டிங்!"னு போனை வெச்சுட்டாரு. அந்த ஒரு வார்த்தையக் காதுல வாங்கியிருந்தா அடுத்த நாள் கூத்து நடந்தே இருக்காது.

காலையில மொதல் பைல். வீடு வீடாப் பொட்டலம் கொண்டு குடுக்குற ஆளு ஒருத்தரோட ஸ்கூட்டர். முன்பக்கம் நசுங்கியிருக்கு. அந்த வண்டி நின்னா அந்த ஆளுக்கு வேலையும் நிக்கும்னு கடுதாசி வேற. பூதக்கண்ணாடி பள்ளத்தப் பாக்கல. சக்கரத்தப் பாத்தாரு. சக்கரம் வட்டமா இல்ல, முட்டையப் படுக்கப் போட்ட மாதிரி இருந்துச்சு.

"படத்த இழுத்திருக்கான்"னாரு. உதட்டுல ஒரு சிரிப்பு. எத்தனை நாளாச்சு அந்தச் சிரிப்பு வந்து!

ரெண்டாவது ஒரு கார். அதுலயும் முட்டைச் சக்கரம். மூணாவது வேனு, அதுவும் முட்டை. பதினோரு மணிக்குள்ள ஒம்போது பைல், முப்பது முட்டை. தனித்தனித் திருடன் இல்ல இது, கும்பலு. ஒரே ஆளு உக்காந்து எல்லாருக்கும் படத்த இழுத்துக் குடுக்குறான். ஒம்போதையும் பொய்னு குத்தி, மேனேஜரம்மாவுக்கு ரிப்போர்ட் அனுப்பினாரு. அந்தம்மா துள்ளிக்கிட்டுப் போன் பண்ணினாங்க.

"பிரமாதம் சார்! அஞ்சு மணிக்கு ஒம்போது பேருக்கும் நோட்டீஸ் போயிரும். மோசடிக்காரங்க பட்டியல்ல ஏறிட்டா அப்புறம் எந்தக் கம்பெனியும் சேத்துக்காது."

நாற்காலி பத்திரம்னு மனுசனுக்கு உசுரு வந்துச்சு. டீ கொண்டாந்த பொண்டாட்டிகிட்ட மானிட்டரக் காட்டினாரு. "பாத்தியா, எல்லாம் முட்டை. எவ்வளவு பெரிய கும்பலப் புடிச்சிருக்கேன்!"

அவ டீயக் கையிலயே வெச்சுக்கிட்டு உத்துப் பாத்தா. "ஏங்க, ஒம்போது பேரும் ஒரே அளவுக்கா இழுத்தாங்க? நம்ம வண்டி போட்டோ ஒன்னு போன வருஷம் எடுத்தீங்களே, அதத் தொறங்க."

தொறந்தாரு. அவரே எடுத்தது, அவரோட சொந்த வண்டி. அதுலயும் முட்டைச் சக்கரம்.

"அய்யய்யோ! என் கம்ப்யூட்டருக்குள்ளயே பூந்துட்டாங்கடி! என் படத்தையும் இழுத்துட்டானுங்க!"

"ஒருத்தனும் பூரல. படத்த எவனும் இழுக்கல. நீங்க வாங்கிட்டு வந்த பொட்டிதான் இழுக்குது. மஞ்சக்காமாலைக் கண்ணோட உக்காந்துக்கிட்டு ஊரே மஞ்சள்னு ரிப்போர்ட் எழுதியிருக்கீங்க."

தம்பிக்குப் போன் போட்டா அவ. அவன் அங்க இருந்து சொல்லச் சொல்ல இவரு இங்க அமுக்கினாரு. பழைய கம்ப்யூட்டரு இன்னமும் சாதா மானிட்டருக்கே படம் அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு. அகல மானிட்டரு அத ரெண்டு பக்கமும் இழுத்து தன்னோட அகலத்துக்கு விரிச்சுக்கிச்சு. ஒரு எடத்துல அமுக்கினதும் சக்கரமெல்லாம் உருண்டு வட்டமா நின்னுச்சு. மூணு போட்டோவும் வரிசையா வந்துச்சு. மனுசனுக்கு மட்டும் மூஞ்சி வத்திப்போச்சு.

மணி மூணு.

"சொல்லிருங்க"ன்னா பொண்டாட்டி.

"சொன்னா நாற்காலி போயிரும். மறுபடி பாத்தேன், சந்தேகம் தீந்துருச்சுன்னு எழுதிரட்டுமா?"

"எழுதுங்க. ஒம்போது பேர் மேல இருந்த சந்தேகம் ஒரே மத்தியானத்துல எப்படித் தீந்துச்சுன்னு அந்தம்மா கேக்க மாட்டாங்களா? நீங்கன்னா கேக்காம இருப்பீங்களா?"

இருக்க மாட்டாருதான். போன் போட்டாரு. உள்ளத உள்ளபடி சொன்னாரு. மேனேஜரம்மா கேள்வி மேல கேள்வியா அடுக்கினாங்க.

"சார், டிங்கரிங் பட்டறையில இருபது வருஷம் சக்கரம் பாத்தவரு, வட்டம் எது முட்டை எதுன்னு தெரியாம உக்காந்திருந்தீங்களா?"

"தெரிஞ்சதாலதாங்க மேடம் பொய்னு எழுதினேன்."

"யாராவது உங்களப் பாத்துக் காசு குடுத்தாங்களா? மத்தியானம் வீட்டுக்கு யாரு வந்தா?"

"டீ வந்துச்சு மேடம்."

"வெளையாடாதீங்க."

"மேடம், அந்த ஒம்போது படத்தையும் உங்க கம்ப்யூட்டர்ல ஒரு தடவ தொறந்து பாருங்க."

அப்பதான் தொறந்தாங்க அந்தம்மா! காலையில பொய்யச் சொன்னப்ப தொறக்காமலே நம்பிட்டாங்க. இப்ப உண்மையச் சொல்றப்ப ஒவ்வொன்னாத் தொறந்து பாக்குறாங்க. எல்லாம் வட்டம்.

"இதெல்லாம் வட்டமாத்தானே இருக்கு? அப்ப காலையில உங்களுக்கு எப்படி முட்டையாத் தெரிஞ்சுது? காட்டுங்க."

பழையபடி கெடுத்துக் காட்டணும். சரி பண்ணத் தெரிஞ்ச மனுசனுக்குக் கெடுக்கத் தெரியல. மச்சினனுக்கு மறுபடி போன். ஒரு வழியா முட்டை வந்துச்சு. கம்ப்யூட்டர்லயே படம் புடிச்சு அனுப்பினா அது அங்க வட்டமாப் போயி நிக்குது. இழுக்குறது மானிட்டர்தானே, உள்ள இருக்குற படம் ஒழுங்காத்தான் இருக்கு. போன்ல புடிச்சு அனுப்பினா, "சாச்சுப் புடிச்சா எந்தச் சக்கரமும் முட்டைதான் சார்"ங்குறாங்க. தன்னோட பாடத்தையே தனக்குத் திருப்பிப் படிக்கிற மாதிரி இருந்துச்சு இவருக்கு. கடைசியில வீடியோ கால் போட்டு, பொண்டாட்டி போனப் புடிக்க, இவரு சட்டியோட மூடிய எடுத்து ஸ்கிரீன்ல இருந்த சக்கரத்துப் பக்கத்துல ஒட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. மூடி வட்டம், சக்கரம் முட்டை.

"மூடியக் கொஞ்சம் திருப்புங்க"ன்னாங்க மேடம்.

திருப்பினாரு.

"பின்பக்கமும்."

"அது மூடிதாங்க மேடம்!"ன்னா பொண்டாட்டி, பொறுக்க முடியாம. "அதுக்குள்ள ஆள ஒளிச்சு வெக்க எடமில்ல."

நாலே முக்காலுக்கு நோட்டீஸ நிறுத்தினாங்க. ஒம்போது பேரும் தப்பிச்சாங்க. இவரு தப்பிக்கல. மூணாவது தப்பு தப்புதானே. ஆனா தானே வந்து சொன்னதால நாற்காலிய எடுக்கல, ஆறு மாசத்துக்கு இவரு பாக்குற ஒவ்வொரு பைலையும் இன்னொரு ஆளு பாத்து ஓகே பண்ணணும்னாங்க. அந்த இன்னொரு ஆளு யாருன்னு நெனைக்கிறீங்க? இவருகிட்டயே வேலை கத்துக்கிட்டவரு. சந்தேகப்படுறதுல இவர விட மோசம்.

அகல மானிட்டர மறுநாளே திருப்பிக் கொண்டுபோனாரு. இப்ப நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அவரு அத நம்பத் தயாரா இல்ல. எந்நேரத்துல எத இழுக்குமோன்னு ஒரு பயம். சாதா மானிட்டரு வந்துச்சு. ரெண்டு போட்டோதான் நிக்கும். ரேஸ்ல இடது பக்கம் வந்து மச்சினன் இடிச்சுக்கிட்டேதான் இருக்கான். கத்தரிக்கோலுக்கு எடம் கெடச்சிருச்சு.

புது மானிட்டர்ல மொதல் வேலையா அந்தப் பொட்டலக்காரரு ஸ்கூட்டரத் தொறந்தாரு. இந்தத் தடவ பள்ளத்தப் பாத்தாரு. தகரம் உள்வாங்கி மடிஞ்ச விதம், பெயின்ட்டு செதிலு செதிலா உதுந்த பக்கம், எல்லாம் ஒரே தெசையில இருந்துச்சு. சுத்தியல் அப்படி அடிக்காது. ஓகேன்னு குத்தினாரு. அஞ்சு நிமிசத்துல அந்த இன்னொரு ஆளுகிட்ட இருந்து கேள்வி வந்துச்சு: "இத எத வெச்சு நம்புறீங்க?"

பொய்னு எழுத ஒரு வரி போதும் அவருக்கு. நெஜம்னு எழுதணும்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. தகரத்தப் பத்தித் தெரிஞ்சதையெல்லாம் ஒவ்வொன்னா எழுதினாரு. மத்தியானம் வரைக்கும் எழுதினாரு. அனுப்பிட்டு உக்காந்திருந்தாரு.

சாயங்காலம் பதில் வந்துச்சு: "சரி. விட்டுடறேன்."

அந்த ஸ்கூட்டரு பட்டறைக்குப் போயிருச்சு.