பிரித்து வைத்திருந்த ரைஃபிள்

துப்பாக்கி சுடும் கிளப்பில் ரைஃபிள்களைப் பழுது பார்ப்பவள் என் தங்கை. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாலே எந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அதே கிளப்பின் வாசல் காவலாளி நான். தங்கை என்பதால் பெருமைக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அங்கே ஒரு வழக்கம். உடைந்த பாகத்தைக் காட்டினால்தான் புதியதற்கு எழுதிப் போடுவார்கள்; வந்து சேர மாதக்கணக்காகும். அதனால் தங்கை ஒரு பழைய ரைஃபிளைப் பிரித்து, தோட்டாவின் அடியைக் குத்தும் ஃபைரிங் பின், ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவில் வைத்திருந்தாள்.

மாநில அணிக்கான தேர்வுப் போட்டிக்கு முந்தின நாள் கிளப் செயலாளர் அந்த ரைஃபிளைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, எலும்புக்கூடு மாதிரி நிக்குது?"

"ஸ்பேருக்கு சார். அதை வெச்சுத்தான் மத்ததெல்லாம் ஓடுது."

"நாளைக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்க. எல்லாத்தையும் எடுத்து மாட்டு."

"போட்டியில ஏதாவது உடைஞ்சா சார்?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்."

மாட்டினாள். "ஒரு டப்பா இருந்தா இவருக்கு என்ன குத்துது, அண்ணே?" என்று என்னிடம் பொரிந்தாள்.

மறுநாள் எங்கள் பக்கத்து வீட்டு நர்ஸ் கிளப் ரைஃபிளில் சுட்டுக்கொண்டிருந்தாள். டியூட்டி முடிந்த கையோடு வந்து வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்தவள். வயது வரம்பால் அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் விசையை அழுத்தினாள், வெடிக்கவில்லை. ஃபைரிங் பின்னின் முனை உடைந்திருந்தது.

சரிசெய்ய நடுவர் கால் மணி நேரம் கொடுத்தார். மற்ற ரைஃபிள்கள் எல்லாம் போட்டியாளர்கள் கையில். தங்கை அந்தப் பழைய ரைஃபிளைத் தேடி ஓடினாள். இருந்த இடம் காலி. பார்க்க அழகாக இருக்கிறதென்று செயலாளர் அதைப் பரிசளிப்பு மண்டபத்துக்கு வண்டியில் அனுப்பியிருந்தார், மேடையில் வைக்க!

நான் அவரிடம் ஓடினேன்.

"சார், அது உடனே வேணும்."

"சாயங்காலம் வந்துடும்யா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

நேரம் முடிந்தது. நர்ஸ் கையுறையைக் கழற்றினாள்.

"விடுங்கக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தங்கை தாங்கியிருப்பாள். உடைந்த முனையை உள்ளங்கையில் வைத்தபடி பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயலாளரை நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று திரும்பினேன். வாசலில் விருந்தாளியின் கார் ஹாரன் அடித்தது. கதவைத் திறக்கப் போனேன்.